சித்திராசாரியர் நந்தலால் போஸ்

கைத்தொழில் இருவகைப்படும். ஒருவன் தனித்திருந்து, தன் மனத்தில் எழுந்ததைத் தன் கையாலேயே தொடங்கித் தன் கையாலேயே முற்றுவிப்பது ஒன்று. ஒருவர் நூலடிக்க, ஒருவர் செதுக்க, ஒருவர் மெருகிடப் பலருங்கூடி ஊருக்குப் பொதுவாய் நிற்பதொன்றை ஆக்குவது மற்றொன்று. நம் மரபினர் பின்னதிலேயே பெரிதும் வாழ்ந்து வந்தனர். கோபுரத்தையும் தேரையும் செப்புத் திருமேனியையும் ஆக்கினோர் யாவரென்று வினவினால், ஊர்ப்பெயர் சொல்வாருளரேயன்றி ஆட்பெயர் சொல்வார் அரியர்.

இக்காலத்திலோ, நம் பிள்ளைகளிற் பலர் கலைக்கல்லூரிகளிற் பயின்று, தம் பெயர் பொறித்த படைப்புக்களைக் கண்காட்சிகளில் வைக்கின்றனர். தேர்த் திருப்பணிக்கும் பட்டறையின் பொதுவேலைக்கும் கைகொடுத்தால் தம் சொந்தக் கலை தேய்ந்துபோமென்று அவருட் சிலர் அஞ்சுகின்றனர். தன் பெயரிட்டுக் கொள்வதே செருக்கென்று முதியோர் சிலர் கடிகின்றனர். இது பல வீடுகளில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே உள்ள வழக்கு. இவ்வழக்கை வாய்ச்சொல்லால் தீர்ப்பதினும், இரண்டையும் ஒருங்கே நடத்திய பெரியார் ஒருவரின் சரிதத்தால் ஆராய்வது நலமென்று கருதி, வங்கச் சித்திராசாரியர் நந்தலால் போஸின் வாழ்க்கையை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் கம்மியர் குலத்திற் பிறந்தவரல்லர். ஆயினும் கம்மியரைக் குருவாகக் கொள்ள நாணாதவர். அவர் சரிதம் நமக்கு உரியதாதற்கு அஃதொன்றே சாலும்.

பிறப்பும் கல்வியும்

நந்தலால் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், பீகாரில் முங்கேர் ஜில்லாவைச் சார்ந்த ஹவேலி கரக்பூரில் பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திரர் தர்பங்கா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் க்ஷேத்ரமணி தேவி, பிள்ளைக்குப் பொம்மை செய்து கொடுப்பதில் கைத்திறமுடையவர். அவ்வம்மையார் நந்தலால் சிறு பிள்ளையாயிருக்கும்போதே காலமானார். ஊர்க் குயவர் மண்ணைப் பிசைந்து உருவாக்குவதைப் பார்த்திருப்பதே அப்பிள்ளைக்கு முதற் பாடசாலையாயிற்று.

பின்னர்க் கல்கத்தா சென்று கல்லூரியிற் சேர்ந்தார். பரீட்சைகளிற் கருத்துச் செல்லவில்லை, தவறினார். 1905-இல் கல்கத்தா அரசாங்கக் கலைப்பள்ளியிற் புகுந்து அவனீந்திரநாத் தாகூரின் மாணாக்கரானார். அவரிடம் ஐந்தாண்டு பயின்று, நீர்வண்ணத்தை அடுக்கடுக்காய்க் கழுவிப் பனிமூட்டம்போல் மென்மையுறத் தீட்டும் முறையிற் கைவந்தவரானார். சதி, நஞ்சுண்ட சிவன் முதலிய படங்கள் இளமையிலேயே அவர்க்குப் புகழ் தந்தன. 1908-இல் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் 500 ரூபாய் பரிசு கிடைத்தது. அத்தொகையைக் கொண்டு அவர் வடநாட்டுத் தலங்களையும் தென்னாட்டுக் கோயில்களையும் சுற்றி வந்தார்.

தனித்திருந்து படம் தீட்டிப் பெயர் பெறுவதற்கு வேண்டுவனவெல்லாம் இருபத்தைந்து வயதிலேயே அவர் கையில் இருந்தன. அவ்வழியே நடந்திருப்பின் அவரைக் குறை கூறுவார் ஒருவருமிலர். அவர் சென்ற வழி வேறு.

அஜந்தாவிற் கற்ற பாடம்

1909-10-இல் ஹெரிங்ஹாம் சீமாட்டி என்னும் ஆங்கில அம்மையார், அஜந்தாக் குகைச் சித்திரங்களைப் படியெடுக்க முனைந்தார். அதற்கு உதவச் சென்றவருள் நந்தலாலும் ஒருவர். படியெடுப்பதென்பது தன் கையைப் பிறர் கைக்கு அடக்குவதாம். தன் விருப்பம் ஒருபுறம் கிடக்க, எப்பொழுதோ வாழ்ந்து மறைந்த பெயரறியா ஓவியர் இழுத்த கோட்டின் பின்னே தன் கோட்டை நடத்தவேண்டும். அவ்வேலையால் அவர் கை மெலியவில்லை; வளம் பெற்றது. சுவர் முழுதும் நிரம்பப் பல உருக்களை எங்ஙனம் கூட்டுவது, பல கைகள் தொட்ட சுவர் எங்ஙனம் ஒரே கையின் ஆக்கம்போல் நிற்கின்றது என்பவற்றை அங்கே கண்டார். 1921-இல் குவாலியர் சமஸ்தானத்துப் பாக் குகைச் சித்திரங்களைப் படியெடுக்கவும் தோழர்களோடு சென்றார்.

சாந்திநிகேதன வாழ்க்கை

கவி இரவீந்திரநாத் தாகூர் 1919-இல் சாந்திநிகேதனத்திற் கலாபவனத்தைத் தொடங்கியபொழுது நந்தலால் அழைக்கப்பட்டார். சிறிது காலம் கல்கத்தாவிற்கும் அங்குமாய் இருந்து, பின்னர் ஆங்கேயே நிலைத்தார். 1922 முதல் 1951 வரை அதன் தலைமை அவர் கையில் இருந்தது. வினோதவிகாரி முகர்ஜி, இராம்கிங்கர் பைஜ் முதலிய பேராளர்கள் அவரிடம் பயின்றோர். தமிழ்க் குடும்பத்திற் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியனும் 1944-இல் அங்கே மாணாக்கராய்ச் சேர்ந்தார்.

அவ்விடத்திற் பொதுவேலைக்குக் குறைவில்லை. விழாதோறும் தரையிற் கோலமிடவேண்டும். கவியின் நாடகங்களுக்கு அரங்கும் உடையும் அமைக்கவேண்டும். 1930-இல் வெளிவந்த கவியின் பாலபாட நூலுக்குப் படம் வெட்டித்தரவேண்டும். ஸ்ரீநிகேதனத்தில் ஏர்பூட்டு விழாவைச் சுவரிற் சித்திரிக்கவேண்டும். மாணாக்கர் தங்குதற்கு எழுந்த மண் வீட்டின் சுவர்களிற் புடைப்புருவங்கள் ஆக்கித் தார் பூசவேண்டும்; அக்கரிய வீடு மாணாக்கரும் ஆசிரியரும் ஒருங்கு செய்ததாய் இன்றும் அங்கே நிற்கின்றது.

ஈண்டு நம் மரபினர் கருதத்தக்கதொரு செய்தி உண்டு. சுவரிற் சாந்து பூசி, ஈரம் உலருமுன் வண்ணமேற்றும் ஜயப்பூர் முறையைக் கற்பிக்க, 1927-இல் நரசிங்கலால் என்னும் ஜயப்பூர்க் கம்மியர் சாந்திநிகேதனத்திற்கு வருவிக்கப்பட்டார். சீனமும் ஜப்பானும் சென்று மீண்டவரும், நாடெங்கும் பெயர் பரவியவருமாகிய நந்தலால், தம் மாணாக்கரோடு அக்கம்மியரிடம் அத்தொழிலைக் கற்றார். பழைய நூல்நிலையத்தின் தாழ்வாரச் சுவரில் அம்முறையிற் சித்திரங்கள் எழுந்தன. சுண்ணாம்பைப் பதப்படுத்தத் தெரிந்தவனுக்கு முன், படம் வரையத் தெரிந்தவன் மாணாக்கனே என்னும் உண்மையை அவர் வாழ்ந்து காட்டினார்.

இத்துணைப் பொதுவேலைக்கிடையே அவருடைய சொந்தக் கலை எங்கே இருந்ததெனின், சிறு அட்டைகளில் இருந்தது. தபால் அட்டையளவான தாள்களை உடன்கொண்டு திரிந்து, கண்ணிற்பட்ட ஆட்டுக்குட்டி, பனைமரம், சந்தாளப் பெண், சந்தைக்குச் செல்லும் வண்டி ஆகியவற்றை அவ்வப்போதே வரைந்து வந்தார். அன்பர்க்கு எழுதும் கடிதமும் பலகாற் படமாகவே சென்றது. அவர் ஆயுளில் அவ்வட்டைகள் ஆயிரக்கணக்காயின. பெரிய படத்திற்கு ஓய்வு கிடைக்கும்போது தொடங்குவோமென்று அவர் கையைக் கட்டிவைத்திருக்கவில்லை. ஓய்வுக்குக் காத்திருந்தவன் கை மரத்துப்போம். நாள்தோறும் சிறிதேனும் தனக்கென வரைந்தவன் கை, பொதுவேலை வந்தபோது ஆயத்தமாயிருக்கும்.

ஹரிபுரம்

அங்ஙனம் ஆயத்தமாயிருந்தமை 1938-இல் வெளிப்பட்டது. அதற்குமுன், 1936-இல், காந்தியடிகள் லக்ஷ்மணபுரிக் காங்கிரஸில் நந்தலாலைக்கொண்டு கலைக்கண்காட்சி நடத்துவித்தார். அவ்வாண்டின் இறுதியிற் பைஸ்பூர்க் காங்கிரஸின் பந்தல் அலங்காரத்தையும் அவரிடமே ஒப்புவித்தார். தாம் சித்திரம் எழுதுவோரேயன்றிக் கட்டடம் சமைப்போரல்லரென்று நந்தலால் முதலில் தயங்கினார். எனினும் உடன்பட்டு, மூங்கிலும் ஓலையுமாகிய நாட்டுப்புறப் பொருள்களைக் கொண்டே அவ்வேலையை முடித்தார்.

1938 பிப்ரவரியிற் சுபாஷ் சந்திரபோஸ் தலைமையில், கூர்ஜர நாட்டு ஹரிபுரம் என்னும் சிற்றூரிற் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. நாட்டுப்புறத்தார் வழியிற் செல்லும்போதே கலையைக் காணவேண்டுமென்பது காந்தியடிகளின் கருத்து. நந்தலால் அச்சுற்றுப்புறத்துக் கிராமங்களிற் சென்று, மக்கள் செய்தொழில்களைப் பார்த்து வரைந்து வந்தார். பின்பு கையாற் செய்த தாளை அட்டையில் ஒட்டி, மண்வண்ணங்கொண்டு, மேளகாரன், தச்சன், செருப்புத் தைப்போன், வேடன், மல்லன், மாவரைக்கும் மாது, மகவேந்திய தாய் என இவர்களையெல்லாம் தீட்டினார். எண்பதுக்கு மேற்பட்டவற்றை அவர் தம் கையாலேயே வரைந்தார். உடனிருந்தோர் அவற்றைப் பார்த்துப் படிகள் எழுத, மொத்தம் நானூறளவாயின. அவை பந்தல்களிலும் வாயில்களிலும் மாட்டப்பட்டன.

இளமையில் அவர்க்குப் புகழ் தந்த மென்னீர்வண்ணம் அங்கே பயன்படாது. வெயிலில், தூசியில், நடந்து செல்லும் கூட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவேண்டும். சில வாரங்களுள் முடியவேண்டும். உடனிருப்போர் பார்த்து எழுதத்தக்கதாயும் இருக்கவேண்டும். இம்மூன்று நெருக்கடியும் சேர்ந்து, தடித்து விரைந்து வளையும் புதியதொரு கோட்டை அவர் கையினின்று வெளிப்படுத்தின. வங்கத்துப் படக்காரரான படுவாக்களின் முறை அதற்குத் துணையாயிற்று. இன்று அவர் படைப்புக்களுள் மிகுதியும் பேசப்படுவன இவ்வழிநடைப் படங்களே. தமக்கென்று தனியே இருந்திருப்பின் இக்கோட்டை அவர் கண்டிருப்பாரோ என்பது ஐயம். அன்றியும், நாள்தோறும் அட்டையில் வரைந்து பழகிய கை இல்லாதிருப்பின், அச்சில வாரங்களில் எண்பது படமும் எழுந்திரா. தனிவேலை விதையென்றும் பொதுவேலை வயலென்றும் கூறுதல் தகும்.

1939 முதல் 1946 வரை, பரோடாவிற் கீர்த்தி மந்திரத்தின் சுவர்களிற் கங்கை இறங்குதல், மீராபாயின் சரிதம், பாரதப்போர் முதலியவற்றை மாணாக்கரோடு சென்று சென்று தீட்டி வந்தார்.

அரசியற் சட்ட ஏடு

இந்தியாவின் அரசியற் சட்டம் கையெழுத்தேடாக அமைக்கப்பட்டபொழுது, அதனை அணிசெய்யும் பொறுப்பு நந்தலாலுக்கும் அவர் மாணாக்கருக்கும் வந்தது. அவர்க்கு அப்போது வயது 67. சிந்துவெளி எருதுமுத்திரை முதற் பாரதப் பெருங்கடல் ஈறாகப் பகுதிதோறும் ஒரு சித்திரம் அமைந்தது. அவற்றுள் நடராசப் பெருமானின் திருவுருவும் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமும் உள. மெழுகுக் கருவில் மண்பூசி உலோகம் வார்த்தவரும், குன்றில் உளியோட்டியவரும் தம் பெயரை எங்கும் விட்டுச் சென்றாரல்லர். அவர் கைவினை நாட்டின் சட்டவேட்டில் ஏறிற்று. 1950 ஜனவரி 24-இல் அரசியல் நிர்ணய சபையார் அவ்வேட்டிற் கையெழுத்திட்டனர்.

இவ்வேட்டைப் பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். நந்தலால் அலங்கரித்த ஏடென்றே உலகம் வழங்குகின்றது. ஆங்கில ஏட்டின் எழுத்துக்களை எழுதியவர் பிரேம்விகாரி நாராயண் ராய்ஜாதா. முகவுரைப் பக்கத்தை அணிசெய்தவர் பியோஹர் ராம்மனோகர் சிங்கர். சிங்க முத்திரையை வரைந்தவர் தீனநாத் பார்கவர். ஆசிரியரின் புதல்வியரான கௌரியும் யமுனாவும் உடனுழைத்தோர். ராய்ஜாதா பக்கந்தோறும் தம் பெயரைச் சிறிதாய்ப் பொறித்தார்; ராம்மனோகரர் முகவுரைப் பக்கத்தின் மூலையில் ராம் என்று சுருங்க எழுதினார். ஆதலின் இன்று அவர்களை நாம் அறிகின்றோம். பெயரிட்டதால் அவ்வேட்டின் பொதுமை குறையவில்லை; ஏட்டைத் திறப்போர் அவ்வெழுத்துக்களைத் தேடித்தான் காணவேண்டும். பொதுவேலையிற் பெயரிடுவது செருக்கா, கணக்கா என்று வினவுவார்க்கு இதுவே விடை. ஏட்டைவிடப் பெயர் பெரிதாயின் செருக்கு. மூலையில் அடங்கியிருப்பின் அது கணக்கு. தலைவரின் புகழ் தானே வளரும். உடனுழைத்தோர் பெயரை எழுதிவைத்தாலன்றி அது நில்லாது.

முடிவு

1951-இற் கலாபவனத் தலைமையினின்று நீங்கினார். அங்கே சென்றதிலிருந்து ஏறத்தாழ 32 ஆண்டு பிறர்க்கு உழைத்த அக்கை, ஓய்ந்திருக்கவில்லை. முதுமையிற் கரிய மையொன்றையே கொண்டு மரமும் நீரும் மலையும் வரைந்து வந்தார். 1954-இல் அரசாங்கத்தார் பத்மவிபூஷண் அளித்தனர். 1966 ஏப்ரல் 16-இல் நந்தலால் காலஞ்சென்றார். 1976-இல் அவர் படைப்புக்கள் நாட்டின் கலைச்செல்வங்களென அறிவிக்கப்பட்டன.

இச்சரிதத்தினின்று நம் சங்கத்துக் குடும்பத்தார் கொள்ளத்தக்கன மூன்றென்று நாம் கருதுகின்றோம். முதலாவது, இளைஞர்க்கு: நாளிற் சிறிது பொழுதை உங்களுக்கென்று வைத்துக் கொள்ளுங்கள், ஓர் அட்டையளவேனும் வரையுங்கள், அதனைத் திருப்பணியின் பெயராலும் கைவிடாதீர்கள். பொதுவேலைக்குச் செல்லும்போது மிச்சக் கையோடு செல்லாதீர்கள். உங்கள் முழுக் கையோடு செல்லுங்கள். இரண்டாவது, முதியோர்க்கு: பிள்ளை தன் படத்திற் பெயரிடுவதைக் கடியாதீர்கள். அவன் தனியே கண்ட புதுமை பட்டறைக்கு ஒருநாள் மீண்டு வரும். அதற்கு இடம் கொடுங்கள். மூன்றாவது, யாவர்க்கும்: இனித் தேரோ திருவாசியோ கதவோ நம்மவர் கூடிச் செய்து முடிக்குங்கால், ஸ்தபதி முதல் மெருகிட்ட பையன்வரை அனைவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு புத்தகத்தில் எழுதி வைப்போமாக. அப்புத்தகத்திற்குச் செலவு அற்பம். நம் முன்னோர்க்கு அஃது இல்லாமையால், இன்று நாம் அவர் கையை அறிவோமன்றி அவர் பெயரை அறியோம். நம் பேரன்மார்க்கு அக்குறை வாராமற் காப்பது நம் கையிலேயே உள்ளது.