நாலு பேருக்கு ஒரு திரை

நண்பர்களோட சேர்ந்து கேம் ஆடுறது இன்னைக்கு உங்களுக்குச் சாதாரண விஷயம். வீட்டுக் கம்ப்யூட்டர் வந்த புதுசிலேயே அதுக்காகப் பாடுபட்ட ஒரு இன்ஜினியர் இருந்தார்: டேனி பன்டன் பெர்ரி.

1949ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். சின்ன வயசில் அவர் குடும்பம் நிம்மதியா ஒண்ணா இருந்தது போர்டு கேம் ஆடும்போது மட்டும்தான். அது அவர் மனசில் ஆழமாப் பதிந்துவிட்டது. 1974ல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் முடித்தார்.

1978ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு முதல் கேம், வீலர் டீலர்ஸ். நாலு பேர் ஏலம் கேட்கணும்; அதுக்காகத் தனி பட்டன் பெட்டியே சேர்த்துக் கொடுத்தாங்க. விற்றது வெறும் 50 பிரதி!

அவர் விடலை. 1983ல் ம்யூல் வந்தது. அடாரி 800இல் நாலு ஜாய்ஸ்டிக் செருகலாம், நாலு பேரும் ஒரே திரையில் ஆடலாம். கதை நடக்கும் கிரகம் ஐராட்டா (ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படிங்க, அடாரி!). ஏலத்தில் விற்பவர் மேலிருந்து இறங்கணும், வாங்குபவர் கீழிருந்து ஏறணும். சந்திக்கிற இடம்தான் விலை. முதலிடத்தில் இருப்பவருக்கு அதிர்ஷ்டம் அடிக்காது, கடைசியில் இருப்பவருக்குக் கெட்ட நேரம் வராது. அதனால தோற்கிறவரும் எழுந்து போக மாட்டார்.

ம்யூல் சுமார் 30,000 பிரதிதான் விற்றது. அடுத்த வருஷம் ஒருவர் மட்டும் ஆடுற செவன் சிட்டீஸ் ஆஃப் கோல்ட் 1,50,000ஐத் தாண்டியது. பணம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சும், 1988ல் போன் லைன் வழியா இருவர் மோதும் மோடம் வார்ஸ் செய்தார். மோடம் வைத்திருந்தவர்களே அப்போ குறைவு. பின்னாளில் ம்யூலைப் புதுப்பிக்கும்போது துப்பாக்கியும் குண்டும் கேட்டாங்க, மறுத்துட்டார். அந்தத் திட்டம் அதோட நின்றது.

1992ல் பெண்ணாக மாறினார். 1998ல் வாழ்நாள் சாதனை விருது பெற்றார். அதே வருஷம் ஜூலை 3ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் இறந்தார், வயசு 49தான். 2000ல் வந்த தி சிம்ஸ் கேமை வில் ரைட் அவருக்குச் சமர்ப்பித்தார்.

ம்யூல் எமுலேட்டரில் இன்னும் ஓடுது. ஆள் குறைஞ்சா கம்ப்யூட்டரே அந்த இடத்தில் ஆடும். ஆனாலும் நீங்க மூணு பேரைக் கூட்டிட்டு வந்து ஆடிப் பாருங்க. அவர் அதை அப்படி ஆடத்தான் செய்தார்.