ரப்பர் கயிற்றில் பறந்த விமானம்

ஓசூரை அடுத்த பெலகொண்டபள்ளியில் ஒரு விமானத் தளம் இருக்கிறது. விமானச் சத்தம் கேட்டால் சிறுவர்கள் அண்ணாந்து பார்க்காமல் இருப்பார்களா? பெட்டியில் வரும் துண்டுகளை ஒட்டி, ரப்பரை முறுக்கி, மாதிரி விமானம் பறக்கவிடுகிறார்களே, அதற்கு வழிகாட்டியவர் பிரெஞ்சுக்காரரான அல்போன்ஸ் பெனோ.

1850-ல் பாரிசில் பிறந்தார். தந்தை கடற்படைத் தளபதி. மகனுக்கும் கப்பல் ஆசை. ஆனால் இடுப்பில் நோய். ஊன்றுகோல் பிடித்து நடந்தார். கடற்படையில் சேர முடியவில்லை.

மனம் வானத்தில் ஓடியது. 1870-ல் முறுக்கிய ரப்பரால் நேரே மேலே எழும் பொம்மை செய்தார்.

வாலில் இருக்கிறது சூட்சுமம்!

மறு ஆண்டு ஆகஸ்டு 18. பாரிசில் ஒரு பூங்கா. அரை மீட்டர் நீளம், 16 கிராம் எடையுள்ள விமானத்தைப் பறக்கவிட்டார். 11 விநாடியில் 40 மீட்டர் போயிற்று!

தலை தூக்கினால் இறக்கவும், கவிழ்ந்தால் தூக்கவும் பின்னால் ஒரு சிறு வால் வைத்திருந்தார். இன்றைய மாதிரி விமானங்களிலும் அந்த வாலைப் பார்க்கலாம்.

1876-ல் இருவர் ஏறும் விமானத்துக்குப் படம் வரைந்தார். சக்கரங்கள் உள்ளே மடங்கும். தண்ணீரிலும் இறங்கும். பணம் கொடுப்பார் இல்லை. கேலி செய்தவர்கள் உண்டு. மனம் உடைந்த பெனோ, 1880 அக்டோபரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பாவம், வயது 30.

அதற்கு 2 வருஷம் முன்பு, அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் பிள்ளைகளுக்குப் பறக்கும் பொம்மை வாங்கி வந்தார். அது பெனோ கண்ட பொம்மை. உடையும்வரை விளையாடிய பிள்ளைகள், பிறகு தாங்களே செய்து பார்த்தார்கள்.

அவர்கள்தான் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். 1903-ல் அவர்கள் விமானத்தில் பறந்தபோது, பெனோ இறந்து 23 வருஷம் ஆகியிருந்தது.