கை கழுவச் சொன்னவரைக் கைகழுவிய மருத்துவமனை

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் சுவரில் உள்ள கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக்கொள்வது இன்று நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால், 1847ஆம் ஆண்டில் மருத்துவர்களைக் கை கழுவ வைத்த ஒருவர், இரண்டே ஆண்டுகளில் தம் பதவியை இழந்தார். அவர்தான் இக்னாஸ் செமல்வெய்ஸ்.

ஹங்கேரியின் புடா நகரில் 1818ல் மளிகை வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் செமல்வெய்ஸ். சட்டம் படிக்க வியன்னா சென்றவர், மனம் மாறி மருத்துவம் பயின்றார். 1846ல் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் பேராசிரியர் யோஹான் கிளைனின் உதவியாளராகச் சேர்ந்தார்.

அங்கு இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். முதல் பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார்கள் வரை பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். இரண்டாவதில் நான்கு பேருக்கும் குறைவு. ஊர்ப் பெண்களுக்கும் இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று மண்டியிட்டு அழுதவர்கள் உண்டு.

காரணத்தைத் தேடினார் செமல்வெய்ஸ். கூட்ட நெரிசலா? இரண்டாவது பிரிவில்தான் நெரிசல் அதிகம். பருவநிலையா? இரண்டுக்கும் அது ஒன்றுதான். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் ஜேகப் கொல்லெட்ஷ்கா இறந்தார். பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. இறந்த தாய்மார்களின் உடலில் காணப்பட்ட அதே அறிகுறிகள் அவர் உடலிலும் இருந்தன. செமல்வெய்சுக்குப் புதிர் அவிழ்ந்தது. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையே இல்லை.

அவ்வாண்டு மே மாதம், பிரசவ அறைக்குள் நுழையும் அனைவரும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏப்ரலில் 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்த மரணங்கள் ஜூனில் ஏறக்குறைய 2 விழுக்காடாகக் குறைந்தன. 1848ல் இரண்டு மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

இவ்வளவு தெளிவான பலன் கிடைத்தும் மாற்றம் ஏன் நிலைக்கவில்லை?

கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது அன்று நிறுவப்படவில்லை. அதைவிடப் பெரிய தடை மனத்தில் இருந்தது. உயிர் காக்கும் தங்கள் கைகளே உயிரைப் பறித்தன என்பதை எந்த மருத்துவர் எளிதில் ஏற்பார்? அந்த வலியைப் புரிந்துகொண்டு பேசும் பொறுமை செமல்வெய்சிடம் இல்லை. உத்தரவிட்டார், கடிந்துகொண்டார், எழுதி விளக்கவில்லை. மூத்த மருத்துவர்களான ஸ்கோடாவும் ஹெப்ராவும்தான் அவருக்காகப் பேசினர், எழுதினர். 1849ல் அவரது பதவி நீட்டிக்கப்படவில்லை. மறு ஆண்டு, தமக்காக வாதாடிய நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் வியன்னாவைவிட்டுக் கிளம்பினார்.

பெஸ்ட் நகரின் புனித ரோக்கஸ் மருத்துவமனையில் அதே முறையைப் புகுத்தினார். 1851 முதல் 1855 வரை நடந்த 933 பிரசவங்களில் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் எட்டுப் பேர் மட்டுமே. ஆயினும், தம் ஆய்வை நூலாக வெளியிட அவருக்கு 14 ஆண்டுகள் பிடித்தன. பின்னர், ஏற்க மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று சாடிப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். இருந்த கதவுகளும் மூடின.

1865ல் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட அவர், இரண்டு வாரங்களில் புண்ணில் ஏற்பட்ட தொற்றால் 47 வயதில் இறந்தார். வாழ்நாள் முழுதும் அவர் எதிர்த்துப் போராடியதும் அத்தகைய தொற்றைத்தான். இரண்டே ஆண்டுகளில் ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி அறுவை சிகிச்சை முறையை வெளியிட்டார். இன்று புடாபெஸ்ட்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் செமல்வெய்சின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாளை நம்மில் பலர் மருத்துவர்களாக, தாதியராக, நிர்வாகிகளாக ஒரு மாற்றத்தைக் கொண்டுவர முயல்வோம். புள்ளிவிவரம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. எதிரில் இருப்பவரின் அச்சத்தையும் தன்மானத்தையும் கணக்கில் எடுத்து, அவரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். வியன்னாவில் அது நடக்காததற்கு விலை கொடுத்தவர் செமல்வெய்ஸ் மட்டுமல்லர். அவருக்குப் பிறகும் கழுவாத கைகளிடம் உயிரை ஒப்படைத்த தாய்மார்களும்தான்.