மெக்கானிக்கல் மாணவருக்கு ரத்தக் குழாயில் என்ன வேலை? யார் இந்த பாய்சொய்?

காரைக்கால் திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படிப்பவருக்கும் பி.பி.க்கும் என்ன சம்பந்தம்? பிளஸ் 1 இயற்பியலில் நாம் மனப்பாடம் செய்த ஒரு பெயரில் பதில் இருக்கு: பாய்சொய்.

1797-ல் பாரிஸில் பிறந்தவர். 1815-ல் அங்குள்ள புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். மறு வருஷமே அரசு கல்லூரியை மூடி, மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டது. மருத்துவத்துக்கு மாறினார், ஆனால் கற்ற இயற்பியலை விடவில்லை.

1828 ஆய்வேட்டுக்காக, விலங்குகளின் தமனி அழுத்தத்தைப் பாதரசக் குழாயில் அளந்தார். இன்றும் பி.பி.யை பாதரச மில்லிமீட்டரில் சொல்வது அந்த வழியில் வந்ததுதான்.

பிறகு, முடி போன்ற கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும்னுதானே நினைப்போம்? இல்லை. அதே அழுத்தத்தில் 16-ல் ஒரு பங்குதான் ஓடும்! ஜெர்மன் இன்ஜினியர் ஹாகனும் 1839-ல் தனியாக இதே விதியை எட்டினார்.

நெளிந்து விரியும் ரத்தக் குழாய்க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கொஞ்சம் அடைப்பும் ஏன் ஆபத்து, டிரிப்ஸ் ஊசி எவ்வளவு பருமனா இருக்கணும் என்பதெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

1869-ல் அவர் மறைந்தபோது காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. மெக்கானிக்கல் எடுத்துட்டு பயோமெடிக்கல் பக்கம் போகலாமான்னு தயங்குறீங்களா? அந்தப் பாதைக்கு 200 வயசு ஆகப்போகுது.