கம்பெனியையே கொடுத்த முதலாளி

மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரைப் பிடிக்காதவர் நம்மில் யாரும் இல்லை. வெர்னியரை விட அது ஏன் துல்லியமாக அளக்கிறது? அளக்கும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால்தான். 1890-ல் இந்த விதியைச் சொன்னவர் எர்ன்ஸ்ட் அபே. வைவாவில் பாஸாக அவர் பேர் தெரிந்தால் போதும். ஆனால் அவர் வாழ்க்கையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அபே 1840 ஜனவரி 23-ல் ஜெர்மனியில் ஐசனாக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நூல் மில் தொழிலாளி. தினமும் 14 மணி, 16 மணி நேரம் நின்றபடியே வேலை. சிறுவன் அபே சாப்பாடு கொண்டுபோனால், மெஷினில் சாய்ந்தபடியே அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பாராம். ஐம்பது வயது ஆகும் முன்பே கிழவராகிவிட்டார். அந்த வீட்டுப் பையன் மில் முதலாளிகள் செய்த உதவியோடு ஜெனாவிலும் கோட்டிங்கனிலும் படித்து, 1863-ல் ஜெனா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

அதே ஊரில் கார்ல் ஜெய்ஸ் மைக்ராஸ்கோப் பட்டறை வைத்திருந்தார். லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்து, சரியாகத் தெரியும்வரை முயல்வதே அன்றைய வழக்கம். 1866-ல் அவர் அபேயின் உதவியைக் கேட்டார். சில ஆண்டுகள் போராடி, கணக்குப் போட்டே லென்ஸ் செய்யும் வழியைக் கண்டார் அபே. பிறகு பங்குதாரரும் ஆனார். 1884-ல் ஓட்டோ ஷாட்டுடன் சேர்ந்து கண்ணாடித் தொழிற்சாலையும் தொடங்கினார்கள்.

1888-ல் ஜெய்ஸ் இறந்தார். நிர்வாகம் அபே கைக்கு வந்தது. வேறொருவராக இருந்தால் சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதியிருப்பார். அபே 1889-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதற்குத் தன் பேரை வைக்காமல் ஜெய்ஸ் பேரை வைத்தார். 1891-ல் தன் பங்கை அப்படியே அதற்குக் கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்கும் நிர்வாகியாக வேலை பார்த்தார். லாபம் பல்கலைக்கழக அறிவாலும் தொழிலாளர் கையாலும் வந்தது, தனி ஆளுக்குச் சொந்தமில்லை என்பது அவர் எண்ணம்.

1896-ல் சட்டதிட்டம் எழுதினார். மதம், பிறப்பு, கட்சி பார்த்து வேலையோ பதவி உயர்வோ கூடாது. பென்ஷன் உண்டு, சம்பளத்துடன் லீவு உண்டு. பெரிய நிர்வாகியின் சம்பளம் தொழிலாளியின் சராசரிச் சம்பளத்தைப் போல் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது. நிர்வாகியே ஆனாலும் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும்.

இப்படி நடத்தினால் கம்பெனி தேறுமா என்று கேட்கிறீர்களா? அபே அதையும் அளந்து பார்த்தார். 1900-ல் 9 மணி நேர வேலையை 8 மணி ஆக்கினார், கூலியைக் குறைக்கவில்லை. ஒரு நாள் உற்பத்தி குறையாமல் இருக்க, மணிக்கு 12.5 சதவீதம் கூடுதலாகச் செய்தாக வேண்டும். ஓராண்டுக் கணக்கைப் பார்த்தால் சுமார் 16 சதவீதம் கூடியிருந்தது! களைப்பு குறைந்தது, வேலை கூடியது.

1905 ஜனவரி 14-ல் அபே மறைந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு சேர்ந்து கம்பெனியும் இரண்டாகப் பிரிந்து, 1990-களில் மறுபடி ஒன்றாகியது. இன்றும் ஜெய்ஸ், ஷாட் இரண்டுக்கும் சொந்தக்காரர் அந்த அறக்கட்டளைதான்.

எங்கப்பாவும் ஷிப்டு வேலைக்காரர்தான். தூக்குவாளியோடு கேட்டில் நின்றவன் நான். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவனும் நான்தான். நாளைக்கு நம்மில் சிலர் சூப்பர்வைசர் ஆவோம், சிலர் சொந்தமாகப் பட்டறை போடுவோம். அன்றைக்குக் கேட்டில் நின்றதை மறந்துவிடக் கூடாது. முதலாளியின் லாபமும் தொழிலாளியின் நலனும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் கம்பெனியின் அளவும் சரியாக வரும். இதுவும் அபே சொல்லிக்கொடுத்த பாடம்தான் நண்பர்களே!