போர்டு இல்லை, சாக்பீஸ் இல்லை... ஒரு குச்சி போதும்! - தெரசா டீச்சரைத் தெரியுமா உங்களுக்கு?

செப்டம்பர் 5-ம் தேதின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆசிரியர் தினம், மிஸ்ஸுக்குக் கொடுத்த ரோஜாப்பூ... இல்லையா? 1997-ல் அதே தேதியில்தான் கொல்கத்தாவில் ஒரு டீச்சர் இறந்துபோனார். அவர் பெயர் அன்னை தெரசா.

'அவங்க டீச்சரா?'ன்னு கேட்கத் தோணும். நோயாளிகளின் கையைப் பிடித்தபடி இருக்கும் படங்களைத்தானே நாம பார்த்திருக்கோம். ஆனா, நீலக்கரை போட்ட அந்த வெள்ளைச் சேலைக்கு முன்னால், ஏறக்குறைய 17 வருஷம் அவர் பள்ளிக்கூட ஆசிரியை.

1910 ஆகஸ்ட் 26-ல் ஸ்கோப்ஜே நகரில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் ஆக்னஸ். எட்டு வயசில் அப்பா இறந்துவிட, அம்மா தையல் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 18 வயசில், லொரேட்டோ சபையில் கன்னியாஸ்திரி ஆவதற்காக அயர்லாந்துக்குக் கிளம்பினார் ஆக்னஸ். அதன்பிறகு கடைசிவரை அம்மாவைப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டில் பேசியது அல்பேனிய மொழி. அயர்லாந்தில் ஆங்கிலம். 1929-ல் இந்தியா வந்ததும் வங்காளமும் இந்தியும். ஓசூர் பக்கம் ஜவளகிரி மாதிரி எல்லையோர ஊர்களில் வளர்ந்தவங்களுக்கு இந்தக் கஷ்டம் சட்டுனு புரியும். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிட்டு, வகுப்பில் தமிழ் எழுத்து பழகுற பிள்ளைகள் அங்கே உண்டு. இங்கே டீச்சரே அந்த நிலைமையில் இருந்தார். அதனாலேயே பிள்ளைகளின் மொழியைத் தான் கற்றுக்கொண்டு, அதில் பாடம் எடுத்தார்.

1931-ல் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து, தெரசா ஆனார். கொல்கத்தா எண்டாலியில் செயின்ட் மேரீஸ் பள்ளியில் புவியியலும் வரலாறும் நடத்தினார். சின்னப் பிள்ளைகள் படித்த செயின்ட் தெரசா பள்ளிக்கும் போனார். அங்கே முதல் வேலையா தண்ணியும் துடைப்பமும் எடுத்து வகுப்பறையைத் தானே சுத்தம் செய்தார். டீச்சர் தரையைக் கழுவுறதை அந்தப் பிள்ளைகள் அதுவரை பார்த்ததே இல்லை. கொஞ்ச நாளில் அவரை 'மா'ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. 1944-ல் தலைமை ஆசிரியை ஆனார்.

வேலை பிடிச்சிருந்தது, பிள்ளைகள் உயிரா இருந்தாங்க. ஆனா, கான்வென்ட் மதிலுக்கு அந்தப் பக்கம் மோதிஜீல் குடிசைப் பகுதி. 1943-ல் வங்காளத்தைப் பஞ்சம் தின்றது. 1946 ஆகஸ்ட்டில் மதக் கலவரம். விடுதிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லாமல் போக, உணவு தேடி அவரே தெருவில் இறங்கினார். அங்கே கிடந்த உடல்களைப் பார்த்தார்.

அடுத்த மாசம், செப்டம்பர் 10. டார்ஜிலிங் போகும் ரயிலில், மதிலுக்கு வெளியே ஏழைகளோடு வாழ வேண்டும் என்ற அழைப்பு தனக்கு வந்ததாக உணர்ந்தார். நினைச்ச உடனே கிளம்பிட முடியாது. பேராயரிடமும் ரோமிலும் அனுமதி வாங்கவே ஏறக்குறைய இரண்டு வருஷம். 1948 ஆகஸ்ட் 17-ல் லொரேட்டோவை விட்டு வெளியே வந்தார். யோசிச்சுப் பாருங்க... 38 வயசு ஆகப்போகுது. நல்ல வேலை, பாதுகாப்பான இடம், பழகின மனுஷங்க எல்லாத்தையும் விட்டாச்சு. பாட்னாவில் சில மாசம் மருத்துவப் பயிற்சி எடுத்துக்கொண்டு, டிசம்பரில் மோதிஜீலுக்குள் நுழைந்தார்.

அங்கே அவர் முதலில் தொடங்கியது மருத்துவமனை இல்லை, பள்ளிக்கூடம். கட்டடம் கிடையாது, பெஞ்ச் கிடையாது, போர்டும் கிடையாது. ஒரு குச்சியை எடுத்து மண்தரையில் வங்காள எழுத்துகளை எழுதினார். சில பிள்ளைகள் உட்கார்ந்தாங்க, அடுத்தடுத்த நாள்களில் கூட்டம் கூடியது. அழுக்கா வந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். ஒழுங்கா வந்தவங்களுக்குப் பரிசு, ஒரு சோப்புக்கட்டி!

எல்லாம் சுலபமா நடந்துடலை. தங்க இடம் தேடிக் கால் வலிக்க நடந்த நாள்களில், பழைய கான்வென்ட்டுக்கே திரும்பிடலாமான்னு மனசு இழுத்ததை நாட்குறிப்பில் எழுதிவெச்சிருக்கார். ஆனாலும் திரும்பிப் போகலை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்ச கதை. 1950-ல் மிஷனரீஸ் ஆஃப் சேரிட்டி, 1979-ல் நோபல், 1980-ல் பாரத ரத்னா, 2016-ல் புனிதர் பட்டம். அவருடைய இல்லங்களின் மருத்துவக் கவனிப்பு பற்றிக் கடுமையான விமர்சனங்களும் வந்தன. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆனா, ஒரு டீச்சரா அவர் யாருங்கிறதுக்கு 1949 மார்ச் 19-ல் நடந்ததைச் சொன்னாலே போதும். அன்னிக்கு முதல் ஆளா அவரோடு சேர வந்த இளம்பெண் சுபாஷினி தாஸ், செயின்ட் மேரீஸில் அவரிடம் படித்த மாணவி. பின்னால் கன்னியாஸ்திரி ஆனபோது அந்தப் பெண் ஏற்றுக்கொண்ட பெயர், ஆக்னஸ். தன் டீச்சருக்கு வீட்டில் வைத்த அதே பெயர்!