மகாபலசாலி சாண்டோ

தமிழ்நாட்டில் தேகக்கட்டுள்ள வாலிபனைக் கண்டால் சாண்டோ என்று அழைப்பது பல தலைமுறைகளாக வழக்கமாயிருந்து வருகிறது. கையில்லாத பனியனுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. 1915-ல் பிறந்து, பிற்காலத்தில் திரைப்பட முதலாளியாய்ப் புகழெய்திய சின்னப்பா தேவரும் அதனைப் பட்டமாகத் தரித்தார். ஆயினும் அப்பெயருக்குரியவர் யார், அவர் கற்பித்தது யாது என்பதை அறிந்தோர் சிலரே.

1867-ம் வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி ஜெர்மானிய தேசத்துக் கோனிக்ஸ்பர்க் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரீட்ரிக் வில்லெம் முல்லர். யூஜின் சாண்டோ என்பது பின்னர் அவரே சூடிக்கொண்ட பெயர். வாலிபப் பருவத்தில் ஊரைவிட்டு நீங்கி, பிரஸ்ஸல்ஸ் நகரில் அட்டிலா என்னும் தேகப்பயிற்சி ஆசிரியரை அடைந்தார். பாரம் தூக்கும் வித்தையை முறைப்படி பயின்றது அவரிடந்தான். 1889-ல் லண்டனில், உலகிலேயே தானே பலசாலி என்று மேடையேறிச் சவால் விடுத்துவந்த சாம்ப்சனை வென்றார். ஒரே இரவில் அவர் கீர்த்தி எங்கும் பரவிற்று. 1893-ல் சிக்காகோவில் உலகக் கண்காட்சி நடந்த சமயம் அமெரிக்கரும் அவரைக் கண்டு வியந்தனர்.

மேடைப் புகழோடு அவர் நின்றிருந்தால் நாம் இன்று அவரைப் பற்றி எழுத வேண்டியதில்லை. 1897-ல் லண்டனில் தேகப்பயிற்சிச் சாலை ஒன்றை நிறுவினார். பலம் பெறும் வழியை விளக்கி நூலும் எழுதினார். அதிலே அவர் வகுத்த முறை மிகவும் கவனிக்கத்தக்கது. வயதுக்கும் ஆண் பெண் என்ற பேதத்திற்கும் ஏற்றபடி அட்டவணைகள் அமைத்தார். இலேசான டம்பெல்லை எத்தனை முறை தூக்குவது, எத்தனை நாளைக்கு ஒரு முறை எண்ணிக்கையைக் கூட்டுவது என்று அவற்றில் கணக்கிட்டுக் காட்டினார். பெரும் பாரம் தூக்குவதைத் தனிப் பாடமாக வைத்தார். முதலில் எளிதாய்த் தூக்கக்கூடியதை எடு, பின்பு சிறிது சிறிதாகக் கூட்டு என்பதே அப்பாடத்தின் சாரம்.

1901-ல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய போட்டியிலும் இக்கொள்கையே விளங்கிற்று. துப்பறியும் கதைகள் எழுதிய கானன் டாயிலும் அங்கே நடுவராய் அமர்ந்தார். பெருத்த தசைக்கு மட்டும் பரிசில்லை. அங்கங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியிருத்தலும் ஆரோக்கியமும் கணக்கில் கொள்ளப்பட்டன.

1904-05-ல் அவர் இந்தியாவில் சுற்றுப்பிரயாணம் செய்தார். படித்த இந்தியர் உடல் வலியற்றோர் என்று ஆளும் ஜாதியார் ஏளனம் செய்த காலம் அது. அதே ஆங்கிலேயர் போயர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது, தம் வாலிபர் பலர் தகுதியற்றோரென்று தள்ளப்பட்டதைக் கண்டு கலங்கினர். பலம் ஒரு ஜாதியின் பிறப்புரிமையன்று, முயன்றோர்க்கு உரியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

படிப்படியாய்க் கூட்டும் நியாயம் நமக்குப் புதிதுமல்ல. தாலிம்கானாக்களில் சிறு கர்லாக்கட்டையைச் சுழற்றிப் பழகியவனுக்கே பெரிய கட்டை கொடுக்கப்பட்டது. ஆனால் தென்பாண்டிச் சீமைக் கிராமங்களில் கிடக்கும் இளவட்டக்கல்லுக்கோ ஒரே எடைதான். தூக்குகிறவனுக்காக அது இளைத்துக் கொடாது. சிறு கற்களில் பழகாமல், ஊரார் ஆரவாரத்திற்கு மயங்கி அதன்மேல் பாய்கிறவன் இடுப்புப் பிடித்துத் திரும்புகிறான். வேம்பார் போன்ற கடற்கரை ஊர்களில் முதுகு முறிந்தால் அத்துடன் பிழைப்பும் முறியும். தோணி இழுக்கவும் மூட்டை சுமக்கவும் வேறு உடம்பு இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. தசை சில வாரங்களில் வலுப்பெறும். அதை எலும்போடு பிணிக்கும் தசைநாண் வலுப்பெற மாதங்கள் செல்லும். தசை துணிந்ததற்கு நாண் தாங்காதபோதே காயம் உண்டாகிறது. முதுகை வளைத்துத் தரையிலிருந்து வெடுக்கென்று தூக்குவது முதுகெலும்பின் இடைத்தட்டுகளை நசுக்கும். முழங்காலை மடக்கி, பாரத்தை உடலோடு அணைத்து எழுவதே முறை. இடையிடையே ஓய்வு நாள் விடுவது சோம்பலாகாது. தேகம் தன்னைப் புதுப்பிப்பது அப்போதுதான்.

சாண்டோ 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குத் தேகப்பயிற்சி ஆசான் என்ற கௌரவம் பெற்றார். 1925 அக்டோபர் 14-ந் தேதி, தம் 58-வது வயதில், லண்டனில் காலமானார். விபத்தில் பள்ளத்தில் விழுந்த மோட்டாரைச் சில வருஷங்களுக்கு முன் தனியே தூக்கியதனால் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து மாண்டார் என்று கதை பரவிற்று. மரணச் சான்றிலோ இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வீக்கமே காரணமென்று கண்டிருக்கிறது. பிரேத பரிசோதனை நடக்கவில்லை. உலகெலாம் கொண்டாடிய அவர் சமாதி, மனைவியின் விருப்பப்படி, நெடுங்காலம் பெயர்ப்பலகையும் இன்றிக் கிடந்தது.

மோட்டார்க் கதை மெய்யோ பொய்யோ, அதை நம் வாலிபர் வீரமென்று கொள்ளலாகாது. சாண்டோவின் உண்மையான செல்வம் அந்த அட்டவணைகளே. தேசத் தொண்டு ஒரு நாள் வேலையன்று. அதற்கு நாற்பது வருஷம் உழைக்கும் உடல் வேண்டும். ஒரு மாதத்தில் மார்பு விரியவேண்டுமென்று ஆத்திரப்பட்டுப் படுக்கையில் விழுபவனைவிட, இன்று ஒரு சேர், அடுத்த மாதம் இன்னொரு சேர் என்று ஏறுகிறவனே நாட்டுக்குப் பயன்படுவான். ஊர்தோறும் சங்கம் வைத்து நடத்துவோர், பெரிய கல்லுக்குப் பக்கத்தில் சிறிய கற்களையும் வரிசையாக வைப்பார்களாக.